ஸ்வீடனில் அன்றாடப் பேச்சு: வகுப்பா, செயலியா, மொழிக் கஃபேயா?

ஸ்டாக்ஹோம் வந்த முதல் வாரம். ஈகா கடையில் கல்லாவுக்கு முன்னால் என் முறை வந்தது. வணக்கம் சொல்ல விமானத்தில் மனப்பாடம் செய்த "ஹெய்"யைச் சொன்னேன். நன்றாகவே சொல்லியிருக்க வேண்டும். கல்லாவில் இருந்த பெண் என்னை ஸ்வீடிஷ் தெரிந்தவன் என்று எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளை மளமளவென்று கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அடுத்த நொடியே அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். உறுப்பினர் அட்டை இருக்கிறதா, பை வேண்டுமா, ரசீது வேண்டுமா என்பதுதான் அவர் கேட்டது.

பிறகு பல ஆண்டுகள் இங்கே இருந்தாகிவிட்டது. புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கடை, பஸ், ஆஸ்பத்திரி, பிள்ளையின் பள்ளி, இவ்வளவுக்குப் பேசத் தெரிந்தால் போதும். எதில் சேரலாம்?" நகராட்சி நடத்தும் எஸ்.எஃப்.ஐ என்ற இலவச ஸ்வீடிஷ் வகுப்பு இருக்கிறது, போனில் செயலி இருக்கிறது, காசு கட்டிப் படிக்கும் வகுப்பு இருக்கிறது, காப்பியோடு உட்கார்ந்து ஸ்வீடிஷ் பேசிப் பழகும் மொழிக் கஃபே நூலகத்தில் இருக்கிறது. எல்லாமே நல்லது என்று சொல்லிவிட்டால் கேட்டவருக்கு ஒரு பயனும் இல்லை. என் அனுபவத்தை வைத்தும், என்னோடு படித்தவர்களின் அனுபவத்தை வைத்தும் இங்கே நிறுத்துப் பார்க்கிறேன்.

## முதலில் அளவுகோல்

அன்றாட வாக்கியம் என்றதும் நாம் சொல்ல வேண்டியதை மட்டும்தான் நினைக்கிறோம். ஆனால் கடையிலும் மருத்துவமனையிலும் நமக்கு வரும் சிக்கல் பெரும்பாலும் பதிலில்தான். "யா வில் பூக்கா என் தீத்" (எனக்கு ஒரு நேரம் முன்பதிவு செய்ய வேண்டும்) என்று சொல்ல ஒரு மாலை போதும். எதிர்முனையில் தாதி "வாத் யெல்லெர் தே?" (என்ன விஷயமாக?) என்றும், "ஹூர் லெங்ஙெ ஹார் தூ ஹஃப்த் தே?" (எவ்வளவு நாளாக இருக்கிறது?) என்றும் கேட்பதைப் பிடிக்க மாதக்கணக்கில் காது பழக வேண்டும். ஆகவே என் முதல் அளவுகோல் இது: இந்த வழி, பதிலைக் கேட்கப் பழக்குகிறதா?

இரண்டாவது, வாய் திறக்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது? ஸ்வீடன்காரர்களின் ஆங்கிலம் நன்றாக இருக்கும். நாம் கொஞ்சம் தடுமாறினால் உதவும் எண்ணத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அதனால் ஸ்வீடனில் வாழ்வதாலேயே ஸ்வீடிஷ் வந்துவிடும் என்பது நடக்காத காரியம். பத்து வருடம் இருந்தும் "ஹெய்", "தக்" (நன்றி) தாண்டாதவர்கள் நிறையப் பேர். வாய் திறப்பதற்கென்றே ஓர் இடம் வேண்டும்.

மூன்றாவது, நம் உச்சரிப்பை யாராவது திருத்துகிறார்களா? இதைப் பற்றிக் கீழே தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நான்காவது, பணமும் நேரமும், வெளியே தெரியாத செலவும். ஐந்தாவது, தகுதி: சில கதவுகள் பெஷூன்நும்மர் எனப்படும் அடையாள எண் இருந்தால்தான் திறக்கும். ஒரு வருடத்துக்குக் குறைவான அனுமதியில் வந்தவர்களுக்கு அந்த எண் பொதுவாகக் கிடைக்காது.

## தமிழ் வாய்க்கு எது எளிது, எது கடினம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி உழைப்பு மிச்சம். எந்த வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது, எப்படிச் சொல்வார்?

ஸ்வீடிஷில் உயிர் நீண்டால் ஒரு பொருள், குறுகினால் வேறு பொருள். "க்லாஸ்" என்றால் குடிக்கும் கண்ணாடிக் குவளை. "க்லஸ்ஸ்" என்றால் ஐஸ்கிரீம். குறிலும் நெடிலும் தாய்ப்பாலோடு வந்த நமக்கு இது ஒரு தடையே இல்லை. வகுப்பில் பல நாட்டுக்காரர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது த, ட. தமிழர்கள் ஆங்கிலம் பேசிப் பழகிய வாயோடு நன்றியை "டாக்" என்கிறார்கள். அது "தக்". பல்லில் நாக்கு படும் நம் த-தான். விடைபெறும்போது "ஹெய் டோ" இல்லை, "ஹெய் தோ". அப்படியானால் ட எங்கே வரும்? ர-வுக்குப் பின்னால் த வந்தால் இரண்டும் சேர்ந்து ட ஆகிவிடும். அட்டையைக் குறிக்கும் சொல்லில் எழுத்தில் ர இருக்கும், வாயில் "குட்" என்றே வரும். மேசை "பூட்". குழந்தை "பாண்". யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு பாண் என்றால் ரொட்டி என்பதால் இந்தச் சொல் ஒரே நாளில் மனதில் நின்றுவிடும். நாம் முதலில் போக வேண்டிய சுகாதார மையத்தின் பெயரும் இந்தக் கணக்கில் "வோட்சென்த்ரால்" ஆகிறது. ட, ண, ள மூன்றும் நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கின்றன. தெற்கே மால்மோ பக்கம் போனால் ர தொண்டையிலிருந்து வரும், அங்கே இந்தச் சேர்க்கை கிடையாது.

கடினமானவை சில. உ-வுக்கும் இ-க்கும் நடுவில் உதட்டைக் குவித்துச் சொல்லும் உயிர்களுக்குத் தமிழில் எழுத்தில்லை. மருத்துவ ஆலோசனை எண்ணான 1177-ஐ அவர்கள் "பதினொன்று, எழுபத்தேழு" என்றுதான் படிப்பார்கள். அந்த ஏழில் வரும் ஒலி ஹ-வும் ஷ-வும் கலந்த காற்று. காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அப்புறம், க-வுக்குப் பின் இ, எ போன்ற உயிர் வந்தால் அது ஷ மாதிரி மாறிவிடும். தமிழ் ஐ.டி.காரர்கள் நிறைய வேலை பார்க்கும் பகுதியை நாம் "கிஸ்டா" என்று படிக்கிறோம். மெட்ரோ அறிவிப்பில் அது "ஷீஸ்தா".

மரியாதை விஷயத்தில் நமக்கு ஒரு தயக்கமும் ஒரு நிம்மதியும் இருக்கின்றன. தயக்கம், "தூ". நீ என்று பொருள். மருத்துவரும் "தூ", மேலதிகாரியும் "தூ", எண்பது வயதுப் பாட்டியும் "தூ". 1967-ல் சுகாதாரத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற புரோர் ரெக்ஸெட் ஊழியர்கள் எல்லோரையும் "தூ" என்றே அழைப்பேன் என்று அறிவித்தது இந்த மாற்றத்தின் அடையாளமாக இன்றும் பேசப்படுகிறது. பெரியவரை நீ என்று கூப்பிட நாக்கு கூசத்தான் செய்யும், ஆனால் அங்கே அதில் அவமரியாதை துளியும் இல்லை. நிம்மதி, ஒவ்வொரு வாக்கியத்திலும் "தயவுசெய்து" போட வேண்டியதில்லை. நம் பேச்சிலும் அது கிடையாதே. கேட்டு முடித்து, கடைசியில் ஒரு "தக்" வைத்தால் போதும்.

## வழி 1: வாக்கியப் பட்டியலை மனப்பாடம் செய்வது

மிக விரைவான வழி. செலவில்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம், ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே தொடங்கலாம். ஒரு வாரத்தில் நாற்பது வாக்கியம் வாயில் ஏறிவிடும்.

இதன் மறைவான செலவு எனக்கு ஒரு பில்லாகவே வந்தது. தொலைபேசியில் பல் மருத்துவர் நேரம் "ஹல்வ் நீயு" என்றார்கள். எண்கள் எனக்கு மனப்பாடம். நீயு என்றால் ஒன்பது, ஹல்வ் என்றால் அரை, ஆக ஒன்பதரை என்று குறித்துக்கொண்டேன். போனபோது ஒரு மணி நேரம் கடந்திருந்தது. அவர்களுக்கு அது எட்டரை. ஒன்பதை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்று எண்ணுகிறார்கள். வராமல் போனதற்கான கட்டணத்தையும் கட்டினேன். பட்டியலில் சொற்கள் இருந்தன. அவர்கள் நேரத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பது இல்லை. "ஃபெம் ஈ ஹல்வ் த்ரே" என்றால் இரண்டரைக்கு ஐந்து நிமிடம் முன், அதாவது 2.25. இதை மட்டும் காகிதத்தில் கடிகாரம் வரைந்து பழகிவிடுங்கள்.

இன்னொரு செலவு, தமிழ் எழுத்தில் எழுதி வைப்பது. இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் மேலே சொன்ன எழுத்தில்லாத ஒலிகளை இது தட்டையாக்கிவிடும். எழுதியதைப் பார்த்துப் படிப்பதைவிட, ஒலிப்பதிவைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதுதான் பாதுகாப்பு.

பட்டியல் வைத்துக்கொள்வதானால், அதில் முதல் இடம் நிலைமையைச் சமாளிக்கும் வாக்கியங்களுக்குத்தான் தர வேண்டும். "கன் தூ செயா தே என் கோங் தில்?" (இன்னொரு முறை சொல்ல முடியுமா?), "கன் தூ ப்ராத்தா லீத்தெ லோங்சம்மரெ?" (கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா?), "யா லேர் மெய் ஸ்வென்ஸ்கா" (ஸ்வீடிஷ் கற்றுக்கொண்டிருக்கிறேன்), "கன் வீ தா தே போ ஸ்வென்ஸ்கா?" (ஸ்வீடிஷிலேயே பேசலாமா?). நான்காவது வாக்கியம்தான் எனக்கு அதிகம் உதவியது. இதைச் சொன்னதும் பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே ஸ்வீடிஷுக்குத் திரும்பி, வேகத்தையும் குறைத்துக்கொள்வார்கள்.

இவற்றோடு ஒவ்வொரு கேள்விக்கும் வரக்கூடிய இரண்டு மூன்று பதில்களையும் சேர்த்து எழுதுங்கள். கடையில் "ஏ தே ப்ரா சோ?" என்று கேட்டால் சொல்லுக்குச் சொல் "இப்படி நல்லா இருக்கா?" என்று தோன்றும். அவர்கள் கேட்பது "இவ்வளவுதானா, வேறு எதுவும் வேண்டுமா?" என்பதை.

## வழி 2: செயலியும் இணையப் பாடமும்

துவோலிங்கோவில் ஸ்வீடிஷ் உண்டு, தமிழ் வழியாக இல்லை, ஆங்கிலம் வழியாக. தினமும் பத்து நிமிடம், ரயிலில் போகும்போதே முடிந்துவிடும். சொல்வளம் சேரும், எழுத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும். கடைப் பலகை, பால் பாக்கெட், அடுக்குமாடியின் பொதுச் சலவை அறையில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு எல்லாம் மெல்லப் புரியத் தொடங்கும். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பேச்சுக்கு இது குறைவாகவே உதவுகிறது. திரையில் இருக்கும் சொற்களைத் தட்டி வாக்கியம் சேர்ப்பது வேறு, வெறும் வாயோடு ஒருவர் எதிரே நிற்பது வேறு. செயலியின் குரல் ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாகச் சொல்லும். தெருவில் அப்படி யாரும் பேசுவதில்லை. நான் என்பதை எழுதும்போது கடைசியில் ஒரு க் இருக்கும், வாயில் "யா" மட்டும். "அவர்கள்", "அவர்களை" என்பதற்கு எழுத்தில் இரண்டு சொல், பேச்சில் இரண்டும் "தொம்". நூறு நாள் விடாமல் செயலியில் படித்த நண்பர் ஒருவர் பஸ்ஸில் ஓட்டுநர் சொன்னது ஒன்றும் புரியாமல் மனம் உடைந்து போனார். அவர் உழைப்பில் குறையில்லை, கேட்ட குரல்தான் வேறு.

செயலியைவிட அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்வென்ஸ்கா இன்ஸ்டிடியூட் என்ற அரசு நிறுவனம் இணையத்தில் இலவச ஸ்வீடிஷ் பாடத்தை வைத்திருக்கிறது. ஐரோப்பிய மொழி அளவுகோலில் தொடக்க நிலைகளான ஏ1, ஏ2-க்கானது. எந்த நாட்டில் இருந்தும் படிக்கலாம், அடையாள எண் வேண்டாம். அன்றாடச் சூழல்களை வைத்து உரையாடல்களாகப் போவதால் கேள்வியும் பதிலும் ஜோடியாகவே வருகின்றன. விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் சென்னையிலோ கொழும்பிலோ உட்கார்ந்து தொடங்க இதுதான் சரியானது என்பேன். திருத்த ஆள் இல்லை என்பது மட்டும் குறை.

## வழி 3: எஸ்.எஃப்.ஐ

புலம்பெயர்ந்தவர்களுக்கான ஸ்வீடிஷ் என்பதன் சுருக்கம். இங்குள்ளவர்கள் "எஸ் எஃப் ஈ" என்பார்கள். நகராட்சிதான் பொறுப்பு, கட்டணம் இல்லை. 16 வயது நிறைந்து, ஸ்வீடனில் குடியிருப்பவராகப் பதிவானவர்கள் சேரலாம். ஏ, பி, சி, டி என்று நான்கு நிலைகள். பள்ளிப் படிப்பு குறைவாக உள்ளவர்கள் ஏ-யிலிருந்தும், நீண்ட காலம் படித்தவர்கள் நேரே சி-யிலிருந்தும் தொடங்கும்படி மூன்று பாதைகள் வைத்திருக்கிறார்கள். டி முடித்தால் ஐரோப்பிய அளவுகோலில் ஏறக்குறைய பி1, அதாவது நடுநிலை அளவு என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வயது வந்தோர் கல்வியில் இரண்டாம் மொழியாக ஸ்வீடிஷ் தொடரும்.

மேலே சொன்ன அளவுகோல்களில் எஸ்.எஃப்.ஐ பெரும்பாலானவற்றில் தேறுகிறது. ஆசிரியர் இருக்கிறார், உச்சரிப்பைத் திருத்துகிறார், கேட்டல் பயிற்சி உண்டு, பி, சி, டி முடிவில் தேசியத் தேர்வு உண்டு. மருத்துவரைப் பார்ப்பது, வீடு தேடுவது, வேலைக்கு விண்ணப்பிப்பது என்று பாடமே வாழ்க்கையை ஒட்டித்தான் போகிறது.

செலவு, நேரத்தில் இருக்கிறது. வாரத்துக்குச் சராசரியாகக் குறைந்தது 15 மணி நேரம் வகுப்பு தர வேண்டும் என்பது விதி. மாலை வகுப்பும் தொலைவழி வகுப்பும் பல நகராட்சிகளில் உண்டு என்றாலும், முழுநேர வேலையும் சின்னப் பிள்ளையும் இருக்கும் வீட்டில் அது பெரிய பாரம். வேலையில் இருப்பவர் எஸ்.எஃப்.ஐ படிக்க விடுப்புக் கேட்கும் உரிமைக்கு 1986-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். பலருக்கு இது தெரியாது. விடுப்பு நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கான வழக்கமான அரசு உதவித்தொகையும் கடனும் எஸ்.எஃப்.ஐ-க்குக் கிடையாது.

இரண்டாவது மறைசெலவு, வகுப்பின் அமைப்பு. ஒரே அறையில் பல நிலையினர் இருப்பார்கள். இடைவேளையில் அவரவர் மொழியில் கூடிவிடுவோம், நாங்களும் தமிழில்தான் கூடினோம். மூன்று மணி நேர வகுப்பில் நான் வாய் திறந்தது பத்து நிமிடம் இருந்தால் அதிகம். எதிரே பேசுபவரும் என்னைப் போலவே தடுமாறுபவர். வகுப்பறைக்கு வெளியே ஒரு ஸ்வீடன்காரர் சாதாரண வேகத்தில் பேசினால் மறுபடி கல்லா கதைதான்.

என்றாலும், இந்த நாட்டில் இருக்கப்போகிறோம் என்று தெரிந்தவர்கள் எஸ்.எஃப்.ஐ-யைத் தள்ளிப்போடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நான் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு வருடத்தில் ஆங்கிலத்தில் சமாளிக்கும் பழக்கம் ஊறிவிட்டது. அதை விடுவதுதான் மொழி கற்பதைவிடக் கடினமாக இருந்தது.

## வழி 4: கட்டண வகுப்பு, தனி ஆசிரியர்

ஃபோல்க்யுனிவெர்சிதேதெத், மெட்போரியர்ஸ்கூலன் போன்ற கல்வி அமைப்புகள் மாலை வகுப்புகள் நடத்துகின்றன. ஒரு பருவத்துக்குச் சில ஆயிரம் குரோனர் ஆகும். அடையாள எண் இல்லாதவர்களும் சேரலாம். குழு சிறியது, வேகம் அதிகம். கூடப் படிப்பவர்கள் பெரும்பாலும் வேலை பார்ப்பவர்கள்.

தனி ஆசிரியர் இன்னும் விலை. ஆனால் அன்றாடப் பேச்சு மட்டும்தான் நோக்கம் என்றால் பத்து மணி நேரத் தனி வகுப்பு, ஒரு பருவ வகுப்பைவிட அதிகம் தரும். ஒரு நிபந்தனை: என்ன வேண்டும் என்பதை நீங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டும். "அடுத்த வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி. தாதி என்னவெல்லாம் கேட்பார்? நீங்கள் தாதி, நான் அப்பா" என்று நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இப்படித் திட்டமில்லாமல் போனால் ஆசிரியர் இலக்கணத்தைத் தொடங்கிவிடுவார், காசு கரைந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், பல நிறுவனங்கள் ஊழியரின் மொழி வகுப்புக்குத் தாங்களே பணம் கொடுக்கின்றன.

## வழி 5: மொழிக் கஃபே

ஸ்ப்ரோக்கஃபே. நூலகங்களிலும், செஞ்சிலுவைச் சங்கத்திலும், தேவாலயங்களிலும் வாரம் ஒரு முறை நடக்கும். பெரும்பாலும் பதிவு வேண்டாம், எண் வேண்டாம், பணம் வேண்டாம். மேசைக்கு ஒரு தன்னார்வலர், நிறைய இடங்களில் ஓய்வுபெற்றவர்கள். காப்பி இருக்கும், பேச்சு இருக்கும்.

என் முதல் அளவுகோலில் இதைத் தாண்டி எதுவும் இல்லை. எதிரே இருப்பவர் ஸ்வீடிஷிலேயே பிறந்து வளர்ந்தவர், அவசரம் இல்லாதவர், உங்கள் வாக்கியம் முடியும் வரை காத்திருப்பவர். ஆங்கிலத்துக்கு மாறுவதில்லை என்ற எண்ணத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவர். "தக் ஃபொர் சேனஸ்த்" என்பதை நான் இங்கேதான் கற்றேன். போன தடவை சந்தித்ததற்கு நன்றி என்று பொருள். ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போய்வந்து, அடுத்த முறை அவரைப் பார்த்ததும் சொல்ல வேண்டியது. எந்தப் பட்டியலும் அதைச் சொல்லும் தருணத்தைக் காட்டாது. நோயுற்றவரிடம் "க்ரீயா போ தெய்" (சீக்கிரம் குணமாகுங்கள்) என்பதும் அப்படி வந்ததுதான். எனக்குச் சளி பிடித்திருந்த நாளில் ஒரு மூதாட்டி சொன்னார், இன்றும் மறக்கவில்லை.

குறைகளும் உண்டு. பாடத்திட்டம் கிடையாது. ஒவ்வொரு வாரமும் புதியவர்கள் வருவதால் "எந்த ஊர், எவ்வளவு நாளாச்சு, குளிர் எப்படி" என்று அதே பேச்சு சுற்றிச் சுற்றி வரும். அதைத் தவிர்க்க நான் ஒவ்வொரு முறையும் கையில் ஒரு காகிதத்தோடு போனேன்: அந்த வாரம் எங்கே மாட்டிக்கொண்டேனோ, அந்த உரையாடல். "சலவை அறையில் என் நேரத்தில் வேறொருவர் துணி போட்டிருந்தார், எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டால் மேசையே உயிர்பெறும், அந்த விஷயத்தில் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். இன்னொன்று, ஒரு சொல்லும் தெரியாமல் போனால் வெறும் காப்பி குடித்துவிட்டு வர வேண்டியதுதான். குறைந்தது ஒரு மாதப் படிப்பு கையில் இருக்க வேண்டும்.

குழந்தை உள்ளவர்களுக்கு இதே பலன் தரும் இன்னோர் இடம், திறந்த பாலர் பள்ளி. நகராட்சியும் தேவாலயமும் நடத்துகின்றன, பெற்றோரும் கூடவே உட்கார வேண்டும், பெரும்பாலும் இலவசம். பாட்டும் விளையாட்டும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதால், குழந்தையோடு சேர்ந்து அம்மா அப்பாவின் காதும் பழகும்.

## வழி 6: வானொலியும் செய்தித்தாளும்

இது துணைக்கு மட்டும். ஸ்வீடிஷ் வானொலி எளிய ஸ்வீடிஷில் சின்னச் செய்தியறிக்கை தருகிறது. 1984-ல் தொடங்கிய "ஓத்தா சீதுர்" (எட்டுப் பக்கங்கள்) எளிய மொழிச் செய்தித்தாள், இணையத்தில் கேட்கவும் செய்யலாம். காதுக்கு நல்லது. வாய்க்கு ஒன்றும் இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் | நேரம் | அடையாள எண் | பதில் கேட்டுப் பழகுதல் | உச்சரிப்புத் திருத்தம் |
|---|---|---|---|---|---|
| வாக்கியப் பட்டியல் | இல்லை | ஒரு வாரம் | வேண்டாம் | மிகக் குறைவு | இல்லை |
| செயலி | இலவசம் அல்லது சந்தா | தினம் 10 நிமிடம் | வேண்டாம் | குறைவு | பெயரளவில் |
| ஸ்வென்ஸ்கா இன்ஸ்டிடியூட் பாடம் | இல்லை | நம் விருப்பம் | வேண்டாம் | நடுத்தரம் | இல்லை |
| எஸ்.எஃப்.ஐ | இல்லை | வாரம் 15 மணி | பொதுவாக வேண்டும் | நன்று | உண்டு |
| கட்டண வகுப்பு | சில ஆயிரம் குரோனர் | வாரம் ஓரிரு மாலை | வேண்டாம் | நன்று | உண்டு |
| தனி ஆசிரியர் | அதிகம் | நம் விருப்பம் | வேண்டாம் | மிக நன்று, திட்டம் இருந்தால் | நிறைய |
| மொழிக் கஃபே | இல்லை | வாரம் ஒரு முறை | வேண்டாம் | மிக நன்று | கேட்டால் |

## உங்கள் நிலைமைக்கு எது

ஆறு மாத அலுவலகப் பணிக்கு வந்திருக்கிறீர்கள். எஸ்.எஃப்.ஐ கிடைக்காது, கிடைத்தாலும் முடிக்க முடியாது. நாற்பது வாக்கியப் பட்டியல், அதோடு வாரம் ஒரு மொழிக் கஃபே. அலுவலகத்தில் ஃபீக்கா எனப்படும் காப்பி இடைவேளை நேரத்தில் போனை எடுக்காமல் எல்லோரோடும் உட்காருங்கள். "ஏ தே லேதித் ஹேர்?" (இந்த இடம் காலியா?) என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாலே ஒரு பேச்சு தொடங்கும்.

முழுநேர வேலை, நிரந்தரமாக இருக்கும் எண்ணம். எஸ்.எஃப்.ஐ மாலை வகுப்பு அல்லது தொலைவழி. இரண்டும் ஒத்துவராவிட்டால் கட்டண வகுப்பு. அலுவலக மொழி ஆங்கிலம் என்ற ஆறுதல் வேலை மாறும் நாள் வரைக்கும்தான்.

துணைவரோடு வந்து வீட்டில் சின்னக் குழந்தையோடு இருக்கிறீர்கள். எஸ்.எஃப்.ஐ-க்கு இன்றே பெயர் கொடுங்கள். விண்ணப்பித்து மூன்று மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் ஊருக்கு ஊர் காத்திருப்பு வேறுபடும். காத்திருக்கும் காலத்தில் திறந்த பாலர் பள்ளி. பிள்ளை பாலர் பள்ளியில் சேர்ந்தபின், விடும்போதும் கூட்டிவரும்போதும் நடக்கும் இரண்டு நிமிடப் பேச்சுதான் உங்கள் தினசரி வகுப்பு. "ஹார் ஹன் ஏத்தித் ப்ரா?" (நன்றாகச் சாப்பிட்டானா?), "ஹார் ஹன் சோவித்?" (தூங்கினானா?) என்று நீங்கள் கேட்டால் பதிலோடு "ரெங்ன்க்லேதர்" (மழை உடை), "எக்ஸ்த்ராக்லேதர்" (மாற்று உடை) என்று ஏதாவது கொண்டுவரச் சொல்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அலுவலகத்துக்கு "யா வப்பார் ஈதா" என்று ஒரே வரி அனுப்பலாம். நோயுற்ற குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்கிறேன் என்று பொருள். அதற்கென்று ஒரு வினைச்சொல்லே வைத்திருக்கும் மொழி இது.

முதியோர் இல்லத்திலோ வீட்டுப் பராமரிப்பிலோ வேலை தேடுகிறீர்கள். செயலியில் நேரம் போக்க வேண்டாம். எஸ்.எஃப்.ஐ பகல் வகுப்பு, கூடவே மொழிக் கஃபே. வயதானவர்கள் பல் இல்லாத வாயோடு, மெல்லிய குரலில், வட்டார வழக்கில் பேசுவார்கள். அதைப் பிடிக்க, வயதானவர்களோடு பேசிப் பழகிய காதுதான் வேண்டும்.

உடம்புக்கு முடியாத நிலையில் பேசத் தயக்கமாக இருக்கிறது. இது வழிகளைத் தேர்ந்து பார்க்கும் நேரம் இல்லை. "யா ஹார் உந்த் ஈ ஹல்சென்" (தொண்டை வலிக்கிறது) என்ற அளவுக்குத் தெரிந்தாலும், பெரிய விஷயம் என்றால் "தொல்க்" என்று மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நேரம் பதிவு செய்யும்போதே தமிழ் என்று சொல்லிவிட வேண்டும். அரைகுறை ஸ்வீடிஷில் மருந்தின் அளவைத் தெரிந்துகொள்ள முயல வேண்டாம்.

ஊரிலிருந்து அம்மா அப்பா மூன்று மாத விசாவில் வருகிறார்கள். அவர்களுக்குச் செயலி வேண்டாம், பட்டியலும் நீளமாக வேண்டாம். லிஃப்டில் யாரையாவது பார்த்தால் "ஹெய்", இறங்கும்போது "ஹெய் தோ". கடையில் "தக்". வழி விடச் சொல்ல "ஊஷெக்தா". ஆபத்துக்கு 112, அங்கே ஆங்கிலத்திலும் பேசலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நீங்கள் இருக்கும் தெருவின் பெயரை ஸ்வீடிஷ் உச்சரிப்பில் சொல்லப் பழக்குங்கள். தமிழில் பெரிதாக எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, காலையில் காப்பி போடும்போது இரண்டு முறை சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது அவர்கள் வழி தவறினால், அந்த ஒரு பெயரை வைத்து யாராவது வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள்.